கேள்வி பதில்: பத்து டொலர் படிவமும் பற்றிக் பிரவுணும்

போன இதழில் ரொறன்ரோவுக்குப் பக்கத்து பிரம்ரன் நகர மேயர் பற்றிக் பிரவுணைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன்: "விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர்." அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் கிடக்கின்றன. பாதிப் பேர் நான் அவரைப் புகழ்ந்துவிட்டேன் என்கிறார்கள், மீதிப் பேர் இகழ்ந்துவிட்டேன் என்கிறார்கள். சரி, இந்த முறை முழுப் பகுதியும் அவருக்கே.

ஐயா, அவர் எத்தனை முறை விழுந்தாலும் எழும்பி வருகிறாரே. அப்படி என்ன மந்திரம் வைத்திருக்கிறார்?
– ஸ்காபரோ வாசகர்

மந்திரம் இல்லை தம்பி, படிவம்.

2015 பெப்ரவரி. வெளியே முழங்கால் வரை பனி. ஒரு மண்டபத்தில் தெரிந்தவர் வீட்டுச் சாமத்திய வீடு. சாப்பாட்டு வரிசையில் நிற்கிறேன், கையில் தட்டு. முன்னால் நின்ற பொடியன் திரும்பி, "அண்ணை, ஒன்ராறியோ கன்சவேட்டிவ் கட்சிக்குத் தலைவர் தேர்தல் வருகுது, ஒரு கையெழுத்து, பத்து டொலர்" என்றான். நான் அதுவரை லிபரலுக்கு மட்டுமே வாக்குப் போட்டவன். அதில் ஒரு வேடிக்கை உண்டு. 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காக்கும் படகுகளில் மிதந்த 155 தமிழரைத் திருப்பி அனுப்பாமல் வைத்திருந்தது பிரதமர் மல்றோனியின் கன்சவேட்டிவ் அரசு. நாங்களோ நன்றிக்கடனை முப்பது வருடமாக லிபரல் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தோம்! பத்து டொலரை எடுத்துக் கொடுத்தேன். தட்டு ஒரு கையில், பேனை மறுகையில்.

அப்போது பிரவுண் மாகாண அரசியலில் ஒன்றுமே இல்லை. 22 வயதில் ஒன்ராறியோவின் பாரி நகரசபை உறுப்பினர். 2004இல் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோல்வி, 2006இல் வெற்றி. அதன் பிறகு கன்சவேட்டிவ் பிரதமர் ஹார்ப்பருக்குப் பின்னால் ஒன்பது வருடம் பின்வரிசை. அமைச்சர் பதவி கிடைக்கவே இல்லை. எதிரே நின்ற கிறிஸ்டீன் எலியட்டுக்குக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களில் பெரும்பாலானோர் ஆதரவு. பிரவுண் அவர்களோடு மல்லுக்கட்டவில்லை. உறுப்பினர் பட்டியலையே புதிதாக எழுதினார். 40,000க்கு மேல் சேர்த்ததாக அவருடைய அணி சொன்னது. தமிழர், சீக்கியர், குஜராத்தியர், பிலிப்பினோ என்று மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கினார். கட்சியின் கணக்குமுறையும் அவருக்கு வசதி. 107 தொகுதி, ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி. பழைய உறுப்பினர்கள் கொஞ்சப் பேரே இருந்த நகரத் தொகுதியிலும் 100, கட்சி ஊறிப்போன கிராமத் தொகுதியிலும் அதே 100. ஆளில்லாத தொகுதியில் இருநூறு பேரைச் சேர்த்தால் அந்த 100இல் பெரும் பகுதி உங்களுக்குத்தான். மே மாதம் முடிவு வந்தபோது ஏறக்குறைய 62 சதவீதப் புள்ளிகள் அவருக்கு.

சாமத்திய வீட்டுச் சாப்பாட்டு வரிசையில் ஒரு மாகாணக் கட்சியின் தலைவரைத் தெரிவுசெய்யலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் எங்களோடு பழகுவது உண்மையான அன்பா, வாக்குக்காகவா? நேராகச் சொல்லுங்கள்.
– மார்க்கம் வாசகி

நேராகவே சொல்கிறேன் அம்மா, இரண்டையும் பிரிக்க என்னால் முடியவில்லை.

அவர் நாடாளுமன்றம் போனது 2006 ஜனவரியில். அந்த ஏப்ரலிலேயே ஹார்ப்பர் அரசு விடுதலைப் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. 2008இல் உலகத் தமிழர் இயக்கத்தையும் சேர்த்தது. இரண்டு முறையும் பிரவுண் அரசாங்கப் பக்கக் கதிரையில்தான் இருந்தார், எழும்பி வெளியே போகவில்லை. 2009 மே 10, அன்னையர் தினம், போரை நிறுத்தச் சொல்லிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரொறன்ரோ கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறினோமே, அப்போதும் அதே அரசுதான். இதை எங்கள் மேடைகளில் யாரும் நினைவுபடுத்துவதில்லை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பாரியில் தமிழ் வாக்கு என்று எண்ணும் அளவுக்கு எதுவும் கிடையாது. அங்கே வெல்ல நாங்கள் தேவையே இல்லை. 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். அதே மாதம் பிரம்ரன் நகரசபை, தங்கள் நகரத்தில் ஒன்று கட்டுவோம் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் போடுவது சுகம், அதற்கு மேல் போகாது என்றுதான் நானும் நினைத்தேன். 2025 மே 10இல் சிங்குகூசிப் பூங்காவில் திறந்தே விட்டார்கள். கார்டினரில் ஏறிய அதே திகதி. கொழும்பு, கனடியத் தூதரைக் கூப்பிட்டு எதிர்ப்புச் சொன்னது.

அன்றைக்கு நானும் போயிருந்தேன். தூபியைப் பார்த்துக் கண் கலங்கியது உண்மை. ஆனால் இனப்படுகொலையை மறுக்கிறவர்களுக்குப் பிரம்ரனில் இடமில்லை, கொழும்புக்கே திரும்பிப் போகலாம் என்ற மாதிரி அவர் பேசியதைக் கேட்டபோது ஒரு பக்கம் கை தட்டியது, மறுபக்கம் வயிற்றில் ஏதோ செய்தது. "வந்த இடத்துக்கே திரும்பிப் போ" என்பதை எண்பதுகளில் பஸ்ஸில் எத்தனை முறை கேட்டிருப்போம்? எங்களுக்குப் பிடித்தவர் எங்களுக்குப் பிடிக்காதவரைப் பார்த்துச் சொன்னாலும் அது அதே வசனம்தான்.

அவருடைய கொள்கைதான் என்ன?
– அஜாக்ஸ் வாசகர்

எந்த வருடத்துக் கொள்கையைக் கேட்கிறீர்கள்?

நாடாளுமன்றத்தில் இருந்த காலத்தில் ஒருபாற் திருமண விவாதத்தைத் திரும்பத் திறக்க வாக்களித்தவர். தலைவரானதும் 2015இல் ஒருபாலினத்தவரின் ரொறன்ரோ பிறைட் ஊர்வலத்தில் நடந்தார். அந்தக் கட்சித் தலைவர் ஒருவர் அதில் நடந்தது அதுவே முதல் தடவை.  2016 கட்சி மாநாட்டில் காபனுக்கு விலை வேண்டும் என்றார். மண்டபத்தில் பலர் முகம் கறுத்தது.

எங்கள் பக்கத்துக் கதை ஸ்காபரோ-றூஜ் றிவர் இடைத்தேர்தல், 2016. புதிய பாலியல் கல்விப் பாடத்திட்டத்தை நீக்குவோம் என்று அவர் பெயரில் ஒரு கடிதம் தொகுதிக்குள் சுற்றியது. வாக்களிப்புக்குச் சில நாள் முன்பு, அந்தக் கடிதம் ஒரு தவறு, நீக்க மாட்டேன் என்று பத்திரிகையில் எழுதினார். அதற்குள் கடிதம் செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்திருக்கலாம். றேமண்ட் சோ வென்றார். அதுவரை அது லிபரல் கோட்டை. மற்றக் கட்சிகளில் நின்ற எங்கள் தமிழ் வேட்பாளர்கள் நீதன் சண், பிரகல் திரு இரண்டு பேரும் தோற்றார்கள். அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

மனம் மாறுவதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். யார் கேட்கிறார்கள் என்று பார்த்து மாறுவதுதான் இடிக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் அசையவில்லை. கியூபெக்கின் 21ஆம் இலக்கச் சட்டம், ஆசிரியரும் பொலிஸும் தலைப்பாகையோ முக்காடோ அணியக்கூடாது என்பது. கட்சித் தலைவர்கள் கியூபெக் வாக்கை நினைத்து மென்று விழுங்கியபோது, பிரம்ரன் நகரசபை அதை எதிர்க்கும் வழக்குக்கு 100,000 டொலர் ஒதுக்கியது. தலைப்பாகை நிறைந்த நகரத்து மேயர் வேறென்ன செய்வார் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.

2018இல் அவர் மேல் வந்தது சதி என்றே எங்கள் ஆண்கள் சொல்கிறார்கள். நீங்களுமா?
– மிசிசாகா வாசகி

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்கிறேன். ஜனவரி 24 இரவு, இரண்டு பெண்கள் அவர் மீது பாலியல் ரீதியான முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளைச் சொன்னதாக சீடீவீ தொலைக்காட்சி செய்தி வெளியிட்டது. செய்தி வருமுன்பே அவர் ஒன்ராறியோ சட்டமன்றம் இருக்கும் குயின்ஸ் பார்க்கில் செய்தியாளர் முன் வந்து மறுத்தார். அவர் பேசும்போதே அலுவலகத்து மூத்தவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருந்தார்கள். விடிவதற்குள் அவரும் பதவி விலகினார். பிறகு செய்தியில் இருந்த ஒரு முக்கியமான விவரம், ஒரு பெண்ணின் அன்றைய வயது சம்பந்தமானது, திருத்தப்பட்டது. பிரவுண் தொலைக்காட்சி மீது வழக்குப் போட்டார். 2022இல் பணம் கைமாறாமல் சமரசமானது. தங்களுக்குத் தரப்பட்ட சில முக்கிய விவரங்கள் பிழையானவை, அவற்றைச் சேர்த்ததற்கு வருந்துகிறோம் என்று தொலைக்காட்சி அறிவித்தது.

இதில் சதி என்ற சொல்லை எங்கே வைப்பது? அந்தப் பெண்கள் திருத்தம் வந்த நேரத்திலும் தாங்கள் சொன்னதில் நின்றார்கள். நீதிமன்றம் எதையும் விசாரித்து முடிக்கவில்லை. எனவே அவர் குற்றவாளி என்றும் நான் எழுத மாட்டேன், பெண்கள் பொய் சொன்னார்கள் என்றும் எழுத மாட்டேன். ஒன்று மட்டும் என் கண்ணில் படுகிறது. ஒரே இரவில் அத்தனை பேர் கைவிட்டார்கள் என்றால், அவரோடு நிற்க வேண்டும் என்று நினைத்தவர் அந்தக் கட்டடத்துக்குள் மிகக் குறைவு. படிவத்தில் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் பாரியிலும் ஸ்காபரோவிலும் இருந்தார்கள், பக்கத்து அறையில் இல்லை.

எங்கள் ஆண்களிடம் நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள் தங்கச்சி: இதே செய்தி ஒரு லிபரல் தலைவரைப் பற்றி வந்திருந்தால் சதி என்ற சொல் வாயில் வந்திருக்குமா?

கடன் கதை ஒன்று இருந்ததே, மறந்துவிட்டீர்களா?
– பிக்கறிங் வாசகர்

முப்பது வருடம் மற்றவர்களுடைய கணக்குப் புத்தகம் எழுதியவன், மறப்பேனா? சட்டமன்ற உறுப்பினர் தன் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் மாகாணத்தின் நேர்மை ஆணையருக்கு வருடா வருடம் காட்ட வேண்டும். பிரவுண், கட்சி வேட்பாளராகவும் இருந்த ஒரு நண்பரிடம் வாங்கிய 375,000 டொலர் கடனையும், வீட்டு வாடகை வருமானத்தையும் காட்டவில்லை என்று 2018 ஏப்ரலில் ஆணையர் அறிக்கை கொடுத்தார். நான் கணக்குப் பார்த்த சின்னக் கடைக்காரர்கள் கோப்பி வாங்கிய துண்டைக்கூடச் செருப்புப் பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். அந்த ஜனவரி இரவைப் பற்றி இன்றும் வாதாடலாம். இதில் வாதாட ஒன்றுமில்லை.

பிரம்ரனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்? அவர் அந்த ஊர்க்காரரே இல்லையே.
– பிரம்ரன் வாசகர்

டக் ஃபோர்ட் அனுப்பி வைத்தார், அப்படிச் சொல்லலாம். பிரவுண் விட்ட கட்சித் தலைவர் கதிரையில் 2018 மார்ச்சில் ஃபோர்ட் ஏறினார், அதுவும் எலியட்டை 153 புள்ளிகளால் மட்டும் முந்தி. ஜூனில் மாகாண முதல்வர். எங்கள் தமிழர் லோகன் கணபதியும் விஜய் தணிகாசலமும் அதே அலையில் சட்டமன்றத்துக்குள் போனார்கள். பிரவுண், பிரம்ரனும் அடங்கிய பீல் பிராந்தியத்தின் தலைவர் பதவிக்கு மனுப் போட்டிருந்தார். ஜூலை 27, மனுத்தாக்கலின் கடைசி நாள், அந்தப் பதவிக்குத் தேர்தலே கிடையாது என்று ஃபோர்ட் அறிவித்தார். அன்றே பிரவுண் பிரம்ரன் மேயருக்கு மனுவை மாற்றிப் போட்டார். ஒக்டோபரில் ஏறக்குறைய 4,000 வாக்கில் வென்றார். வாசல் கதவை ஃபோர்ட் பூட்டினார், மனிதர் ஜன்னலால் இறங்கி விட்டார்.

2022இல் தகுதிநீக்கம் செய்தது நியாயமா?
– வாட்டர்லூ மாணவர்

அது கூட்டாட்சி கன்சவேட்டிவ் கட்சியின் தலைவர் போட்டி. கூட்டாட்சிச் சட்டப்படி ஒரு கம்பனி வேட்பாளருக்கு ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. பணமாகவும் கூடாது, வேலையாளுக்குச் சம்பளமாகவும் கூடாது. தனி ஆள் கொடுக்கலாம், அதற்கும் அந்த வருடம் 1,675 டொலர் உச்சம். பிரவுணின் பிரசாரத்தில் வேலை செய்த ஒருவர், தனக்கு ஒரு நிறுவனம் மூலம் பணம் வந்தது என்று முறையிட்டார். ஜூலை 5 இரவு கட்சிக் குழு பிரவுணை நீக்கியது. பிரவுண் மறுத்தார், எதிரே நின்ற பியேர் பொலியேவுக்கு வழி விடச் செய்த வேலை என்றார். வாக்குச்சீட்டில் அவர் பெயர் ஏற்கெனவே அச்சாகிப் போயிருந்தது!

முறைப்பாடு சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் 150,000 பேரைச் சேர்த்ததாகச் சொன்ன ஒருவரை, அந்த உறுப்பினர்களுக்கு முழு ஆதாரத்தையும் காட்டாமல் நீக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. செப்டம்பரில் பொலியேவ் முதல் சுற்றிலேயே 68 சதவீதம் எடுத்தார். பிரவுண் நின்றிருந்தாலும் தோற்றிருப்பார் என்றே நினைக்கிறேன். தோற்க விட்டிருக்கலாம்.

ஒக்டோபரில் திரும்பவும் மேயர், 60 சதவீதம் அளவில். ஆனால் வாக்களிக்கப் போனவர்கள் நூற்றுக்கு 25 பேர்கூட இல்லை.

உங்கள் பத்து டொலர் வீணாகிவிட்டது என்று எப்போதாவது நினைத்ததுண்டா?
– ஸ்காபரோ வாசகி

உறுப்பினர் அட்டை இன்னும் மேசை லாச்சியில் கிடக்கிறது, ரொறன்ரோ பஸ்ஸுக்கான பழைய ரீரீசீ டோக்கன்களோடு. 2015 மே மாதம் வரிசையில் நின்று வாக்கும் போட்டேன். யாருக்கு என்று கேட்காதீர்கள். காசு கொடுத்தது எல்லாருக்கும் தெரியும், வாக்கு எனக்கு மட்டும் தெரியும்.

2022 மே மாதம் அதே பொடியன் இன்னொரு மண்டபத்தில் வந்தான். முன்தலை கொஞ்சம் வழுக்கை, கையில் படிவத்துக்குப் பதில் ஐபாட். "அண்ணை, திரும்பவும் அவர்தான், இந்த முறை பிரதமருக்கு." எவ்வளவு என்றேன். பதினைந்து டொலர் என்றான். விலை ஏறிவிட்டதே என்றேன்.

"அண்ணை, எதுதான் ஏறேல்ல?" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான்.