கண்காட்சித் திறப்பு நாளில் புதிதாக வருபவர் ஏன் 10 நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்? கேலரியும் ஓவியரும் என்ன செய்யலாம்?

"எங்கள் சிறிய கேலரியில் திறப்பு நாளன்று தெரிந்த முகங்களே வருகின்றன. புதியவர்கள் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். எதை மாற்றுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

யாரையும் தெரியாமல், தனியாக வரும் ஒருவரை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். அவருக்குச் சரிப்பட்டால் எல்லாருக்கும் சரிப்படும். நண்பரோடு வந்தவருக்குப் பேச்சுத்துணை இருக்கிறது. ஓவியரைத் தெரிந்தவர் உரிமையோடு நடமாடுவார். தனியாக வந்தவருக்குத்தான் வாசலிலேயே சந்தேகம் தொடங்குகிறது: உள்ளே போகலாமா, காசு உண்டா, எங்கிருந்து பார்ப்பது, வாங்காமல் போனால் தப்பாக நினைப்பார்களா? பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்காமல்தான் கிளம்புகிறார். படங்கள் மேல் பழி போட வேண்டாம்.

இதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. திறப்பு நாளைப் பிரெஞ்சில் 'வெர்னிசாஜ்' என்பார்கள், வார்னிஷ் பூசுவது என்று பொருள். லண்டன் ராயல் அகாடமி 1809-இல் தன் உறுப்பினர்களுக்கு இதற்கென்றே நாட்களை ஒதுக்கியது. கண்காட்சி திறப்பதற்கு முன் வந்து, சுவரில் மாட்டிய படத்துக்கு வார்னிஷ் பூசலாம், கடைசித் திருத்தம் செய்யலாம். ஆக, தொழில் செய்பவர்கள் தங்களுக்குள் கூடிய நாள் அது. இன்று கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. கூடியிருப்பவர்களின் பழக்கம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

வேலை அழைப்பிதழிலேயே தொடங்குகிறது. 'மாலை 6 மணிக்குத் திறப்பு' என்று மட்டும் போட்டால், சரியாக 6 மணிக்கே இருக்க வேண்டுமா, 7:30-க்குப் போனால் அவமரியாதையா என்று புதியவருக்குத் தெரியாது. இப்படி எழுதலாம்: 'மாலை 5 முதல் 8:30 வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். 6:30-க்கு ஓவியர் 8 நிமிடம் பேசுவார். நுழைவு இலவசம், முன்பதிவு தேவையில்லை. குழந்தைகளை அழைத்து வரலாம். வாசலில் ஒரு படி, பக்கத்தில் சாய்தளம் உண்டு. உட்கார நாற்காலிகள் உண்டு. படம் எடுக்கலாம், ஃபிளாஷ் மட்டும் வேண்டாம்.' அழகு குறைகிறதே என்று வடிவமைப்பாளர் முகம் சுளிக்கலாம். அவருக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். பின்பக்கத்தில் சிறியதாகவாவது இருக்கட்டும்.

சாய்தளம் உண்டு என்று எழுதினால் அது உண்மையாக இருக்க வேண்டும். 1:12 என்பது பரவலாகப் பின்பற்றப்படும் சரிவு. 15 செ.மீ. உயரப் படிக்கு 180 செ.மீ. நீளச் சாய்தளம் வேண்டும். இடம் போதவில்லை என்று 90 செ.மீ. பலகையைச் சாய்த்து வைத்தால் சரிவு 1:6 ஆகிவிடும். சக்கர நாற்காலியில் ஏறுபவர் பின்னால் சாய்வார், தள்ளுபவருக்கும் கை வழுக்கும். கதவின் திறந்த அகலம் 90 செ.மீ. இருந்தால் நல்லது. உள்ளே சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம் காலியாக வேண்டும். மாட்டி முடித்த அன்று இந்த இடம் இருக்கும். திறப்பு நாளில் சிற்ப பீடம், பானங்கள் வைத்த மேசை, பூந்தொட்டி, விருந்தினர் பைகள் என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே டேப்பை எடுத்து அளக்க வேண்டியது திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, எல்லாப் பொருளும் அதனதன் இடத்துக்கு வந்த பிறகு.

கதவு திறந்தே இருக்கட்டும். ஏசி போட்டிருப்பதால் கண்ணாடிக் கதவை மூடித்தான் ஆக வேண்டும் என்றால், 'திறந்திருக்கிறது, உள்ளே வாருங்கள்' என்று கண் மட்டத்தில் ஒட்டுங்கள். வாசலைத் தாண்டி முதல் 2 மீட்டரில் மேசையோ படமோ வேண்டாம். உள்ளே வருபவர் ஒரு மூச்சு நின்று அறையைப் பார்க்க இடம் வேண்டும். பானங்களை வாசலுக்கு அருகே வைப்பதுதான் நான் காணும் பெரிய தவறு. எல்லாரும் அங்கேயே வட்டம் கட்டி நிற்பார்கள். வாசலில் நிற்பவருக்குத் தெரிவது 15 முதுகுகள் மட்டுமே. பானங்கள் கடைசிச் சுவர் ஓரம் போகட்டும், படங்களிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி. அதை எடுக்கப் போகிறவர் வழியிலுள்ள படங்களைக் கடந்துதான் போவார். தண்ணீரும் மது இல்லாத பானமும் கேட்டு வாங்கும்படி இல்லாமல் முன்வரிசையிலேயே இருக்கட்டும்.

வரவேற்பதற்கென்று ஒருவர் தேவை. கேலரி உரிமையாளரை இதற்குப் போடாதீர்கள். முதல் அரை மணியிலேயே அவரைத் தெரிந்தவர்கள் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு பேரை வைத்து 45 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதற்கு மேல் நின்றால் சிரிப்பு இறுகிப்போகும். உயரமான மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பது வரவேற்பாகாது. மேசைக்கு இந்தப் பக்கம், வாசலிலிருந்து ஓர் ஓரமாக நிற்கட்டும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "வாங்க. மொத்தம் 22 படம், இடது பக்கம் ஆரம்பிச்சா வரிசையா வரும். ஆறரைக்கு ஓவியர் பேசுவாங்க. ஏதாவது கேக்கணும்னா நான் இங்கதான் இருப்பேன்." சொல்லிவிட்டு, பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டு விலகிவிட வேண்டும். பின்னாலேயே போனால் கடையில் விற்பனையாளர் ஒட்டிக்கொண்டு வருவது போலாகிவிடும். "நீங்களும் ஓவியரா?", "யார் சொல்லி வந்தீங்க?" இந்த இரண்டும் வாயில் வரவே கூடாது. இல்லை, யாரும் சொல்லவில்லை என்று பதில் சொல்லும் அந்த நொடியிலேயே வந்தவர் வெளியாள் ஆகிவிடுகிறார்.

கையில் கொடுக்கும் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவருக்குப் பிடிமானம் அதுதான். கூட்டம் உள்ள நாளில் சுவர் லேபிள்கள் தோள்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். படத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ.யில் இருப்பதால், கூட்டத்துக்கு நடுவே எட்டிப் பார்த்தாவது படத்தைப் பார்த்துவிடலாம். அதன் பக்கத்தில் உள்ள சிறிய அட்டையைப் படிக்கவே முடியாது. பட்டியலில் எண், தலைப்பு, ஆண்டு, பொருள், அளவு, விலை எல்லாம் இருக்கட்டும். எழுத்தின் அளவு 12 புள்ளிக்கு (பாயிண்ட்) குறைய வேண்டாம். 18 புள்ளியில் பெரிய எழுத்துப் பிரதிகளும் 10 வைத்திருங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், ஸ்பாட்லைட் வெளிச்சம் பட்டால் எழுத்து தெரியாது.

பொருளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். 'கலப்பு ஊடகம்' என்றால் பார்ப்பவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. 'கேன்வாஸ் மேல் அக்ரிலிக், ஒட்டிய செய்தித்தாள், கரி' என்று எழுதிப் பாருங்கள். படித்தவர் ஒரு அடி முன்னே வந்து அந்தச் செய்தித்தாளைத் தேடுவார். அச்சோவியத்தின் கீழ் ஓரத்தில் பென்சிலில் '7/25' என்று இருக்கும். பழக்கமில்லாதவருக்கு அது தேதியா, இன்னும் 7 பிரதி மிச்சமா என்று தெரியாது. 'இந்த அச்சில் மொத்தம் 25 பிரதிகள், இது 7-ஆவது' என்று பட்டியலின் அடியில் ஒரு வரி போடுங்கள். சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது என்பதும் அங்கேயே வரட்டும்.

விலையை மறைக்காதீர்கள். 'விலை கேட்டால் சொல்வோம்' என்ற முறையில், கேட்கும் துணிச்சல் உள்ளவருக்கு மட்டும்தான் விலை தெரியும். முதல் முறை ஒரு படம் வாங்க நினைப்பவருக்கு அந்தத் துணிச்சல் வராது, தனக்குக் கட்டுப்படியாகாது என்று தானே முடிவு செய்துகொண்டு போய்விடுவார். சிறிய கோட்டோவியம், அஞ்சலட்டை அளவு அச்சு என்று விலை குறைந்தவை இருந்தால் அவையும் அதே பட்டியலில் சேரட்டும்.

அறிமுகக் குறிப்பு 120 சொற்களுக்கு மேல் வேண்டாம். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு படைப்பின் முன் ஒருவர் நின்ற நேரம் சராசரியாக 27 நொடி. பாதிப் பேர் 17 நொடிக்கு மேல் நிற்கவில்லை. கிடைப்பதே அவ்வளவு என்றால், அதைக் கடினமான வாக்கியத்தோடு மல்லுக்கட்டச் செலவழிக்க வைக்கலாமா? குறிப்பை ஓவிய உலகத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். "அப்படின்னா?" என்று அவர் கேட்கும் இடங்களை எல்லாம் திருத்தி எழுதுங்கள்.

அடுத்தது சத்தம். வெற்றுச் சுவர், சிமெண்டுத் தரை, உயரமான கூரை என்றால் ஒலி எதிரொலித்துக்கொண்டே இருக்கும். சுற்றிலும் சத்தம் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லொம்பார் இதைக் கவனித்து விவரித்ததால் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பின்னணி இசை போட்டால் அதற்கு மேல் எல்லாரும் பேச, அந்தப் பேச்சுக்கு மேல் மற்றவர்கள் பேச, அரை மணியில் அறை சந்தை ஆகிவிடும். காது மந்தமானவர், அந்த மொழியைப் புதிதாகக் கற்றவர், கூச்ச சுபாவம் உள்ளவர் மூவரும் அதோடு சரி. இசையை நிறுத்துங்கள். தரையில் விரிப்பு, ஜன்னலில் கனத்த திரை, இரண்டும் உதவும். முதல் ஒரு மணி நேரத்தை அமைதி நேரம் என்று அழைப்பிதழிலேயே அறிவித்துவிடுவது இன்னும் நல்லது. கைக்குழந்தையோடு வருபவர், கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர் அப்போது வரட்டும்.

நின்று படம் பார்க்க ஆளுக்குச் சுமார் 2 சதுர மீட்டர் வேண்டும். 60 சதுர மீட்டர் அறையில் ஒரே நேரத்தில் 30 பேர் இருந்தால் நிம்மதி. 100 பேர் வருவார்கள் என்றால் திறப்பு நேரத்தை 2 மணி நேரத்திலிருந்து 4 மணி நேரமாக நீட்டுங்கள். நாற்காலிகள் 6 அல்லது 8 போதும், முதுகும் கைப்பிடியும் உள்ளவை, உட்காருமிடம் 45 செ.மீ. உயரத்தில். மூலையில் அடுக்காமல் படத்தைப் பார்த்தபடி இரண்டிரண்டாகப் போடுங்கள். உட்கார்ந்திருப்பவர் தனியாக இருந்தாலும் ஏதோ செய்துகொண்டிருப்பவராகவே தெரிவார். அந்த மறைவு அவருக்குப் பெரிய உதவி.

பேச்சு மொத்தமே 15 நிமிடத்துக்குள் முடியட்டும். நன்றிப் பட்டியல் அழைப்பிதழில் அச்சாகலாம். அறை சிறியது, மைக் எதற்கு என்று நினைக்காதீர்கள், பின்வரிசைக்கும் காது மந்தமானவருக்கும் அது வேண்டும். சைகைமொழி பெயர்ப்பாளர் இருந்தால் பேச்சாளர் அருகிலேயே, முகத்திலும் கைகளிலும் வெளிச்சம் படும்படி நிறுத்துங்கள். ஜன்னலுக்கு முன் நிறுத்தினால் நிழலுருதான் தெரியும்.

இனி ஓவியருக்கு. உங்களைச் சுற்றித் தெரிந்தவர்கள் வட்டம் கட்டுவார்கள், அந்த வட்டம் மூடிக்கொண்டால் புதியவரால் உள்ளே வர முடியாது. பேசும்போது பக்கவாட்டில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடைவெளி விட்டு நில்லுங்கள். ஒருவர் வந்து நின்றால், "இந்தப் படத்தைப் பத்திதான் பேசிட்டிருந்தோம்" என்று அவரையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நீங்களாக நகர முடியாது என்பதால், "உங்கள ஒருத்தர் பாக்கணும்னாங்க" என்று வந்து அழைத்துப் போக ஒரு நண்பரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள். பிடித்திருக்கிறது என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல வழியில்லை, பேச்சும் அங்கேயே முடிந்துவிடும். "எந்தப் படத்துகிட்ட கொஞ்ச நேரம் நின்னீங்க?" என்று கேட்டால் பதில் வரும். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாதுங்க" என்பார் ஒருவர். அவருக்குத் தத்துவம் சொல்ல வேண்டாம். கையால் செய்த ஒன்றைக் காட்டுங்கள்: "இந்த ஓரத்தைப் பாருங்க. அடியில இருந்த மஞ்சள் காயறதுக்குள்ள மேல நீலத்தப் போட்டுட்டேன், அதான் இங்க பச்சையா கலங்கியிருக்கு. துடைக்கலாமான்னு பாத்தேன், அப்புறம் அப்படியே விட்டுட்டேன்." அவர் குனிந்து அந்தப் பச்சையைப் பார்ப்பார். அடுத்த படத்தில் அதே மாதிரி இன்னொரு ஓரத்தை அவரே தேடத் தொடங்குவார்.

கருத்துப் புத்தகத்தை வரவேற்பு மேசையிலிருந்து நகர்த்தி, வெளியேறும் வழியில், எழுதுபவரை யாரும் கவனிக்காத இடத்தில் வையுங்கள், இரண்டு பேனாவோடு. வெறும் பக்கம் வைத்தால் 'வாழ்த்துகள்' என்ற ஒரே சொல்தான் வரும். பக்கத்தின் மேலே ஒரு கேள்வி எழுதுங்கள்: 'இன்று எந்தப் படத்துக்குத் திரும்பி வந்தீர்கள்?' அடுத்த அழைப்பு வேண்டுவோர் எழுதத் தனித் தாள் இருக்கட்டும், மற்றவர்களின் தொலைபேசி எண்ணை எல்லாரும் படிக்கும்படி ஒரே புத்தகத்தில் எழுதச் சொல்லாதீர்கள். வந்த தலைகளை எண்ணுவதோடு, தனியாக வந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதையும் வரவேற்பாளர் ஒரு தாளில் கோடு போட்டுக் குறிக்கட்டும். அடுத்த திறப்பில் என்ன மாற்ற வேண்டும் என்று பேச உட்காரும்போது அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.