கஞ்சித்தொட்டிக் கணக்கு

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 23. பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடத் தொழிற்சங்கக்காரர். நானும் கல்லூரி முதல் வருடத்திலிருந்தே மாணவர் அமைப்பில் இருந்தேன். கடந்த ஒரு வருடமாக குரோபாட்கின், எம்மா கோல்ட்மன் என்று அரசே வேண்டாம் என்ற அனார்கிஸ்ட்களை எல்லாம் படிக்கிறேன். அதிகாரம் யார் கைக்குப் போனாலும் அது அதிகாரம்தான், அரசைப் பிடிப்பதால் எதுவும் மாறாது என்று தோன்றிவிட்டது. போன மாதம் அமைப்பின் வாட்ஸப் குழுவில் 'இனி நான் அனார்கிஸ்ட்' என்று போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அப்பா ஒரு வாரம் பேசவில்லை. பேசியபோது, "அராஜகம் பண்றதுக்காடா உன்னைப் படிக்க வச்சேன்" என்றார்.

இது வெறும் வயதுக்கோளாறா? இதை நம்பிக்கொண்டே அரசு வேலைக்குத் தேர்வு எழுதுவது போலித்தனமா? அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது? எதிலிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

(பெயர் தவிர்க்கப்பட்டது)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் எம்.பி.டி. ஆச்சார்யா என்ற பழைய புரட்சிக்காரரின் வாழ்க்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாக அவர்தான் தலைக்குள் ஓடுகிறார். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்குப் பதில் வந்திருக்காது. 'எதிலிருந்து படிக்கலாம்' என்று முடியும் கடிதங்களை நான் பொதுவாக அப்படியே விட்டுவிடுவேன்.

வயதுக்கோளாறுதான். இருபத்து மூன்று வயதில் வருவது எல்லாமே வயதுக்கோளாறுதான், காதல் உட்பட. அதற்காக அது பொய்யாகிவிடாது. இதோடு அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம்.

ஆச்சார்யா திருவல்லிக்கேணிக்காரர். 1887-ல் பிறந்தவர். பாரதி ஆசிரியராக இருந்த 'இந்தியா' பத்திரிகையை நடத்திய மண்டயம் குடும்பம். 1908-ல் போலீஸ் நெருக்கியதும் பத்திரிகை புதுச்சேரிக்கு ஓடியது, இவரும் போனார். அங்கேயும் இருப்புக்கொள்ளாமல் கப்பலேறிவிட்டார். லண்டனில் இந்தியப் புரட்சிக்காரர்கள் கூடிய இந்தியா ஹவுஸில் சாவர்க்கர் கூட்டத்தோடு இருந்தார். அப்புறம் பாரிஸ், பெர்லின், கான்ஸ்டாண்டிநோபிள், அமெரிக்கா, ஸ்டாக்ஹோம், மாஸ்கோ, காபூல். 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் ஏழு பேர் உட்கார்ந்து இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கினார்கள். (உங்கள் அப்பா எந்தச் சங்கம் என்பதைப் பொறுத்து இதை ஒப்புக்கொள்வார், அல்லது 'இல்லை, கட்சி பிறந்தது 1925-ல் கான்பூரில்' என்பார். அந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை.) அந்த ஏழு பேரில் ஆச்சார்யா ஒருவர். கட்சிக்குத் தலைவராகவும் இருந்தார், சில வாரங்கள்தான். 1921 ஜனவரியிலேயே நீக்கிவிட்டார்கள். சொல்லப்பட்ட காரணம், கம்யூனிசத்துக்கு எதிராகப் பேசுகிறவர்களுக்கு அவர் ஆதரவாக நிற்கிறார் என்பது. 1922 முடிவில் பெர்லின் போய்ச் சேர்ந்தபோது முழு அனார்கிஸ்ட். 1954-ல் பம்பாயில் காசநோயில், கையில் காசில்லாமல் சாகும்வரை அதிலேயே இருந்தார்.

இப்போது உங்களிடம் வருகிறேன். அடுத்தவன் மாற்றிப் பேசும் உரிமைக்காக நின்றதால் அவரை வெளியே தள்ளினார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? ஐந்து வருடம் கூடவே நோட்டீஸ் ஒட்டியவர்கள், உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் பிரெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் இருக்கும் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு, ஒருவர் பதில் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் ஓடிவிட்டீர்கள். குழுவில் அட்மினுக்குக்கூட அந்த அதிகாரம் கிடையாது, தம்பி. அவர் ஒருவரை நீக்கினால் மற்றவர்கள் கேள்வியாவது கேட்கலாம். உங்களை யாரும் எதுவும் கேட்க முடியாது. இதற்கு எம்மா கோல்ட்மன் எதற்கு? கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்து போகும் மாப்பிள்ளை போதுமே.

குரோபாட்கின் படித்தேன் என்கிறீர்கள். அவர் எப்படிப் புதைக்கப்பட்டார் என்று படித்தீர்களா? 1921 பிப்ரவரியில் ரஷ்யாவின் திமித்ரோவில் செத்துப்போனார். மாஸ்கோ சிறைகளில் அப்போது அனார்கிஸ்ட்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். சவ ஊர்வலத்துக்காக அவர்களில் சிலரை ஒரு நாள் வெளியே விட்டார்கள், திரும்பி வருவோம் என்ற வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு. அந்தக் கூட்டத்தில் நழுவுவது ஒரு வேலையா? பேசினார்கள், மண் போட்டார்கள், இருட்டியதும் சிறைக்குத் திரும்பிப் போனார்கள். சிறையே கூடாது என்று சொன்ன ஆட்கள்! அடுத்த மாதம் கிரான்ஸ்டாட் கடற்படைத் தளத்தில் கலகம் செய்த மாலுமிகள் மேல் போல்ஷ்விக் அரசின் பீரங்கி வெடித்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு அப்படி ஒரு கறுப்புக்கொடி ஊர்வலம் சோவியத் மாஸ்கோவில் போகவில்லை.

சரி, உங்களைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1989-ல் எங்கள் ஊர் நூற்பாலையில் ஸ்டிரைக். எனக்கு இருபத்திரண்டு வயது. மில்லில் வேலை இல்லை, சங்கத்துக்கு எடுபிடி. ஸ்டிரைக் ஆரம்பித்த ஒன்பதாம் நாள் மில் கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் கஞ்சித்தொட்டி திறந்தது. யார் திறந்தார்கள் என்றால் சொல்லத் தெரியாது. நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை பார்த்த ஓர் அக்கா முந்தின நாள் சாயங்காலம் மூன்று கல்லைக் கூட்டிவைத்தார், மறுநாள் காலையில் பார்த்தால் அண்டா வந்திருந்தது. அவ்வளவுதான். யாரும் தீர்மானம் போடவில்லை. விறகு ஒரு தெரு, தண்ணீர் ஒரு தெரு என்று தானாகப் பிரிந்துகொண்டது.

அந்த அக்கா ஒரு காரியம் செய்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்றை ஓட்டை போட்டு, சணலில் கோத்து, மரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். யார் என்ன கொடுத்தாலும் அதில் எழுத வேண்டும். அவருக்கு எழுதத் தெரியாது. நாலாவது படிக்கும் மகள் எழுதுவாள். 'குருனை 1 மூட்டை, பஜார் கடை.' 'முருங்கைக்காய் 11, பால்காரர் வீடு.' 'உப்பு, பேர் சொல்லல.' குருணைக்குக் கடைசிவரை ரெண்டு சுழி 'ன'தான். கஞ்சிக்கு வரிசையில் நிற்பவர்கள் பொழுதுபோகாமல் அதைப் புரட்டிக்கொண்டே நிற்பார்கள். 'ஏய், நேத்து பருப்பு ரெண்டு கிலோ வந்திருக்கு, எங்க போச்சு?' என்று ஒருத்தர் கேட்பார். 'உன் வயித்துலதான் போச்சு, நேத்து கஞ்சி மஞ்சளா இருந்துச்சுல்ல' என்று பதில் வரும்.

பத்தொன்பதாம் நாள் மாவட்டத்திலிருந்து தலைவர் ஒருவர் வந்தார். நோட்டைப் பார்த்து முகம் சுளித்தார். 'யார் யார் உதவி பண்றாங்கன்னு மேனேஜ்மெண்ட் ஆள் பார்த்துட்டா என்னாகும்? கணக்கு ஆபீஸ்ல இருக்கணும்' என்றார். காரணம் நியாயமானதுதான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். என்னைப் பார்த்தார். நான் சட்டைப் பையிலிருந்து பிளேடு எடுத்துச் சணலை அறுத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. 'அரிசி மூட்டை மூட்டையா வருது, கஞ்சி தண்ணியாத்தானே இருக்கு' என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மணி அரிசி வெளியே போகவில்லை, எனக்குத் தெரியும், நோட்டு என் மேஜையில்தான் இருந்தது. ஆனால் யார் நம்புவார்கள்? அந்த அக்கா ஆபீசுக்கு வந்தார். 'தம்பி, நோட்டைக் குடு. ஒரு நாளைக்கு மரத்துல மாட்டிட்டு அப்படியே கொண்டாந்து தர்றேன்.' கமிட்டியில் கேட்க வேண்டும் என்றேன். அவர் போகவில்லை, நின்றுகொண்டே இருந்தார். எரிச்சலில் சொன்னேன்: 'உனக்குத்தான் படிக்கத் தெரியாதேக்கா, நோட்டை வச்சு என்ன பண்ணப்போற?'

மறுநாள் அவர் அடுப்பு பக்கம் வரவில்லை. ஸ்டிரைக் முடிந்து வேலைக்குத் திரும்பியவர்கள் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.

இரண்டு வருடம் கழித்து நானும் சங்கத்தை விட்டேன். உங்களைப் போலத்தான், வீராப்பாக. பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வாசிப்பு வட்டம் நடத்தினோம். தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, கணக்கு கிடையாது, கூட்டக் குறிப்பு கிடையாது. அதிகாரத்தையே ஒழித்துவிட்டோம் என்று நினைப்பு. ஆறு மாதத்தில் யார் சொன்னது நடந்தது தெரியுமா? நன்றாகப் பேசத் தெரிந்த மூன்று பேர் சொன்னது. நான் அதில் ஒருவன். எந்தப் புத்தகம், எந்த நாள், யாரைக் கூப்பிட வேண்டாம் என்பதெல்லாம் டீக்கடையில் நாங்களே முடித்துவிடுவோம். எங்களுக்குப் பதவி இல்லாததால் எங்களை யாராலும் நீக்க முடியவில்லை! கேள்வி கேட்ட ஒரு பெண்ணிடம் 'இங்க யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல தோழர்' என்றேன். என்ன ஒரு வாக்கியம்! மாவட்டத் தலைவருக்குக்கூட அவ்வளவு துணிச்சல் வந்திருக்காது.

நீங்கள் குரோபாட்கினில் கோடு போட்டுப் படித்த பக்கங்களைவிட இந்த நோட்டு விஷயத்தில்தான் எனக்குப் பிடிவாதம் அதிகம். மேலதிகாரி இருக்கும் இடத்தில் கணக்கு அவருக்கு மட்டும் போனால் போதும். மேலே யாரும் வேண்டாம் என்றால் கணக்கு எல்லோருக்கும் போக வேண்டும். அப்படியானால் வேலை கூடுமே தவிரக் குறையாது. கூட்டக் குறிப்பு எழுத வேண்டும், முறை வைத்து மாற்ற வேண்டும், பேசாமல் உட்கார்ந்திருப்பவரைக் கேட்க வேண்டும், அனுப்பிய ஆள் சரியில்லை என்றால் திருப்பிக் கூப்பிட வேண்டும். சலிப்பூட்டும் வேலை. இதைச் செய்ய முடியாதவர்கள்தான் கறுப்புக்கொடி படத்தை டிபியாக வைத்துக்கொள்கிறார்கள்.

அப்பாவிடம் தத்துவம் பேசாதீர்கள். டிராம் கதையைச் சொல்லுங்கள். 1936 ஜூலையில் பார்சிலோனாவில் ராணுவக் கலகத்தை மக்கள் தெருவில் நின்று முறியடித்த பிறகு, டிராம் கம்பெனியை சிஎன்டி என்ற அனார்கிஸ்ட் தொழிற்சங்கத்தின் தொழிலாளர்கள் தாங்களே எடுத்து நடத்தினார்கள். சண்டையில் கம்பிகள் அறுந்து கிடந்தன. ஐந்தே நாளில் சிவப்பும் கறுப்பும் அடித்த டிராம்கள் ஓட ஆரம்பித்தன, வழக்கமான 600-க்குப் பதில் 700 ஓடின என்று பதிவு இருக்கிறது. டிரைவர், கண்டக்டர், பட்டறை, லைன் என்று ஒவ்வொரு பிரிவும் தன் ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. வண்டி எடுத்தல், டிக்கெட், கலெக்‌ஷன் என்றால் என்னவென்று ஒரு கண்டக்டருக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. அவர்தான் உங்களுக்கு விளக்குவார். அந்தக் கதையின் மறுபாதியையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதே நவம்பரில் நான்கு அனார்கிஸ்ட்கள் ஸ்பெயின் அரசாங்கத்தில் மந்திரிகளானார்கள். போருக்காக என்றார்கள். மறு வருடம் மே மாதம் அதே பார்சிலோனாவில் ராணுவக் கலகத்தை எதிர்த்த கூட்டணிக்குள்ளேயே சுட்டுக்கொண்டார்கள். அப்பா இந்த இடத்தில் சிரிப்பார். சிரிக்கட்டும், பேச ஆரம்பித்துவிட்டார் அல்லவா?

'அராஜகம்' என்ற சொல்லுக்காக அவரோடு சண்டை போடாதீர்கள். ராஜா இல்லாத நாட்டில் மழைகூடப் பெய்யாது என்று வால்மீகி காலத்திலிருந்து சொல்லிவருகிறார்கள், அப்பா மட்டும் என்ன செய்வார்? ஆதியில் அரசும் இல்லை, அரசனும் இல்லை, தண்டனையும் இல்லை, மக்கள் அறத்தால் ஒருவரை ஒருவர் காத்துக்கொண்டார்கள் என்று சாந்தி பர்வத்தில் பீஷ்மரே சொல்கிறார். அதை வேறொரு நாள் பார்க்கலாம்.

தேர்வை எழுதுங்கள். இதில் என்ன போலித்தனம்? விஏஓ ஆகிவிட்டால், சான்றிதழுக்கு வரும் கிழவியை மூன்று தடவை அலையவிடாதீர்கள், எந்த விண்ணப்பம் எந்த மேஜையில் கிடக்கிறது என்று எழுதி வாசலில் ஒட்டுங்கள். முதல் வாரமே மேலேயிருந்து ஒருவர் வந்து கிழிக்கச் சொல்வார். அன்றைக்கு எனக்கு எழுதுங்கள், அப்போது புத்தகப் பட்டியல் தருகிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை. உங்கள் பழைய அமைப்பின் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று விசாரித்து நேரில் போங்கள். ஏன் விலகினேன் என்று சொல்லுங்கள். திட்டுவார்கள். திட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.

அப்புறம், அப்பா எந்த டெப்போ என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் கஞ்சித்தொட்டிக்கு ஒருநாள் ராத்திரி கடைசி டிரிப் பஸ்ஸில் டெப்போக்காரர்கள் மூன்று மூட்டை அரிசி கொண்டுவந்து இறக்கினார்கள். நோட்டில் 'அரிசி 3, பஸ்காரங்க' என்று மட்டும்தான் இருக்கும். கேட்டுச் சொல்லுங்கள்.