அலுவலகத்தில் சொன்னவள் அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

சொந்த ஊர் கும்பகோணம். அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில், மூத்த மகள் வீட்டில் இருக்கிறேன். போன செப்டம்பரில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இங்கே பல வீடுகளில் நடப்பதுபோல, பிரசவத்துக்குச் சம்பந்தியம்மா வந்து ஆறு மாதம் இருந்தார். அவர் விசா முடிந்து கிளம்ப, ஜனவரியில் நான் வந்தேன். ஜூலை முதல் வாரம் நானும் திரும்பியாக வேண்டும்.

வந்த நாளிலிருந்தே மகள் பழைய மகளாக இல்லை. ஆபீஸ் வேலை பார்க்கிறாள், குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள், குளிப்பாட்டுகிறாள். எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் முகத்தில் சிரிப்பே இல்லை. குழந்தை தூங்கினாலும் அவள் தூங்குவதில்லை. அவளுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தாலும் நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. "நான் நல்ல அம்மா இல்லம்மா" என்று ஒருநாள் சொன்னாள். "அப்படியெல்லாம் பேசாதே, சாமியைக் கும்பிடு, நம்பிக்கையோடு இரு, எல்லாம் சரியாகும்" என்றேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்த மே மாதம் முழுக்க இங்கே மனநல விழிப்புணர்வு மாதமாம். அவள் அலுவலகத்தில் பச்சை ரிப்பன் படம் போட்டு மெயில் வருகிறது, வாரம் ஒரு கூட்டம் நடக்கிறது. போன வாரக் கூட்டத்தில் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் கலந்துகொண்டாள். அடுத்த அறையில் பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த என் காதில் எல்லாம் விழுந்தது. குழந்தை பிறந்ததிலிருந்து தனக்கு நாளையைப் பற்றிய நம்பிக்கையே போய்விட்டது, காலையில் கண் விழிக்கும்போதே ஏன் விழித்தோம் என்றிருக்கிறது என்று, அழுகையை அடக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள். கேட்டவர்களில் பாதிப் பேரை அவள் நேரில் பார்த்ததுகூட இல்லை.

எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. பெற்றவள் பக்கத்து அறையில் இருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே? இரவு கேட்டேன். "உன்கிட்ட சொன்னா நீ தாங்கமாட்டேம்மா" என்றாள். அவ்வளவுதான்.

கூட்டத்துக்குப் பிறகு அவளாகவே டாக்டரைப் பார்த்து வந்திருக்கிறாள். மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள், கவுன்சலிங்குக்கும் போகச் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது. தாய்ப்பால் கொடுப்பவள் இதையெல்லாம் சாப்பிடலாமா? தொடங்கினால் ஆயுசுக்கும் விட முடியாது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஊரிலிருக்கும் என் அக்காவோ, "நாமெல்லாம் பெத்துக்கலையா? இதெல்லாம் அமெரிக்கா வியாதி. வெளியே தெரிஞ்சா சின்னவளுக்கு வரன் அமையாது, வாயைத் திறக்காதே" என்கிறாள். மாப்பிள்ளை நல்ல பையன். பாத்திரம் கழுவுவார், டயப்பர் மாற்றுவார். ஆனால் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் தலையைக் குனிந்துகொள்கிறார்.

ஒரு மாதம் ரிப்பன் குத்திக்கொண்டு நம்பிக்கை, நம்பிக்கை என்று பேசினால் நம்பிக்கை வந்துவிடுமா? ஜூன் பிறந்ததும் எல்லோரும் மறந்துவிட மாட்டார்களா? அதற்கப்புறம் ஜூலையில் நானும் போய்விட்டால் என் பெண்ணை யார் பார்ப்பார்கள்?

இப்படிக்கு,
ஒரு தாய்

*

அன்புள்ள அம்மா,

முதலில் ஒன்றைச் செய்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இன்றைக்கே மகளைத் தனியாக உட்காரவைத்து, "சாகணும்னு தோணுதாடா? உன்னையோ பாப்பாவையோ ஏதாவது செஞ்சிடுவோமோன்னு பயமா இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், வராது. உள்ளே இருந்தால் வெளியே வர வழி கிடைக்கும். ஆமாம் என்றால் அவளைத் தனியே விடாதீர்கள். 988 என்ற அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். நாள்கணக்கில் தூக்கமே இல்லாமல் படபடப்பாக இருந்தாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, குழந்தையைப் பற்றிச் சம்பந்தமில்லாமல் விபரீதமாகப் பேசினாலோ அது வேறு வகை, மிக அரிதாக வருவது. அதற்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, 911 என்ற அவசர எண்தான்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு போலத் தெரிகிறது. உறுதி செய்ய வேண்டியவர் அவளைப் பார்த்த டாக்டர். பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரங்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, தானாகவே போய்விடும். இது எட்டு மாதமாக இருக்கிறது. குழந்தை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வராதது, ருசி போனது, நல்ல அம்மா இல்லை என்ற குற்ற உணர்வு எல்லாமே இந்த நோயின் அடையாளங்கள்.

உங்கள் அக்காவுக்கு ஒரு தகவல். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப் பெண்களிடம் ஓர் ஆய்வு செய்து 2002இல் வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் 100க்கு 11 பெண்களுக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. அமெரிக்காவில் எட்டில் ஒரு தாய்க்கு அறிகுறிகள் இருப்பதாக அந்நாட்டு அரசின் கணக்கு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நம் பாட்டிகளுக்கும் இது வந்திருக்கும். அடுப்படியில் அழுதுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்திருப்பார்கள், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது உங்களை அதிகம் வருத்திய கேள்விக்கு வருகிறேன். அவள் காரணத்தைச் சொல்லிவிட்டாள் அம்மா, "நீ தாங்கமாட்டே" என்று. அலுவலகத்தில் இருப்பவர்கள் கேட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் கேட்டால் அன்றிரவு தூங்கமாட்டீர்கள், சாப்பிடமாட்டீர்கள் என்று அவளுக்குத் தெரியும். கடல் கடந்து வந்திருக்கும் அம்மாவுக்கு இந்தத் துக்கத்தையும் ஏன் தர வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். இந்த நோயில் இருப்பவர்கள் தன்னை எல்லோருக்கும் சுமையாக நினைப்பது வழக்கம். அதனால் உங்கள் மேல் பாசம் குறைந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், அம்மா தாங்குவாள் என்பது. அதைச் சொன்னால் நம்பமாட்டாள், பார்த்தால் நம்புவாள். அடுத்த முறை அவள் பேசும்போது குறுக்கே ஆறுதல் சொல்லாமல், அழாமல், கடைசிவரை கேளுங்கள். "இத்தனை நாள் இதைத் தனியா சுமந்தியா?" என்று கேட்டால் போதும்.

நம்பிக்கையோடு இரு என்று நீங்கள் சொன்னதும் அவள் ஏன் கதவைச் சாத்தினாள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். பிரசவித்த தாய்மார்களின் மனநிலையை அறிய எடின்பரோ அளவுகோல் என்று ஒரு கேள்வித்தாள் 1987 முதல் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. மொத்தம் 10 கேள்விகள். தமிழிலும் உண்டு. அதில் முதல் கேள்வி சிரிக்க முடிகிறதா என்பது. இரண்டாவது, வரப்போகும் விஷயங்களை ஆவலோடு எதிர்பார்க்க முடிகிறதா என்பது. அதாவது நம்பிக்கை போவதே நோயின் அறிகுறி. காய்ச்சலில் கிடப்பவளிடம் உடம்புச் சூட்டைக் குறைத்துக்கொள் என்றால் அவள் என்ன செய்வாள்? முடியவில்லையே என்ற குற்ற உணர்வு இன்னொரு படி ஏறும். நீங்கள் அன்போடுதான் சொன்னீர்கள். சாமி கும்பிடுவதிலும் தவறில்லை. அவளுக்காக நீங்கள் கும்பிடுங்கள், அவளை வற்புறுத்த வேண்டாம்.

அப்படியானால் நம்பிக்கை எப்படித்தான் வரும்? கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் ஸ்னைடர் என்ற உளவியலாளர் இதையே பல ஆண்டுகள் ஆராய்ந்தார். போக வேண்டிய இடத்துக்கு ஒரு வழி தெரிய வேண்டும், அந்த வழியில் என்னால் நடக்க முடியும் என்ற எண்ணமும் வேண்டும், இரண்டும் சேர்ந்ததுதான் நம்பிக்கை என்றார். என் அனுபவத்திலும் அப்படித்தான். யாரும் பேச்சைக் கேட்டு நம்பிக்கை பெற்று நான் பார்த்ததில்லை. நாளைக் காலைக்கு ஒரு சின்ன வழி கிடைத்து, அதில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் வருகிறது.

உங்கள் வீட்டில் அந்தச் சின்ன வழி தூக்கத்தில் தொடங்கட்டும். இரவில் நாலைந்து மணி நேரமாவது அவள் யாரும் எழுப்பாமல் படுத்திருக்க வேண்டும். எடுத்து வைத்த தாய்ப்பாலையோ ஃபார்முலாவையோ ஒரு வேளை மாப்பிள்ளை கொடுக்கட்டும், ஒரு வேளை நீங்கள் கொடுங்கள். அடுத்தது வெளிச்சம். மே மாதத்தில் நியூ ஜெர்சி காலை நேரம் நடக்க நன்றாக இருக்கும். ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு மூன்று பேரும் தெருமுனை வரை போய்வாருங்கள். பேச வேண்டும் என்றில்லை. குளியல், சூடான சாப்பாடு, குழந்தை இல்லாமல் அரை மணி நேரம். இவை அற்பமாகத் தெரியலாம், இந்த நோயில் இவை அற்பமில்லை.

மாத்திரை விஷயம். பாலூட்டும் தாய்மார்களுக்கு வழக்கமாகத் தரப்படும் மனச்சோர்வு மாத்திரைகள் உண்டு. செர்ட்ராலின் போன்றவை தாய்ப்பாலில் மிகமிகக் குறைவாகவே போகின்றன. உங்கள் மகளுக்கு எழுதித் தந்தது எது, பால் கொடுப்பது டாக்டருக்குத் தெரியுமா என்று அவளையே போன் செய்து கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள். இவை போதைப் பழக்கம் போலப் பிடித்துக்கொள்ளும் மருந்துகள் அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நன்றாகிவிட்டது என்று திடீரென்று நிறுத்தாமல் டாக்டர் சொல்படி மெதுவாகக் குறைப்பார்கள். தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்றும் கேட்கட்டும், பிரசவத்துக்குப் பின் தைராய்டு கெடுவதும் இப்படியே சோர்வாகக் காட்டும். கவுன்சலிங்கைத் தள்ளிப்போட வேண்டாம். மாத்திரையும் பேச்சுச் சிகிச்சையும் சேரும்போது பலருக்கு நல்ல பலன் கிடைக்கிறது.

ரிப்பனால் என்ன பயன் என்று கேட்டீர்கள். இந்த மாதத்தை அமெரிக்காவில் 1949இலிருந்து கடைப்பிடிக்கிறார்கள். தொடங்கிய அமைப்பு இன்று மென்டல் ஹெல்த் அமெரிக்கா என்று அழைக்கப்படுகிறது. அதற்கு வித்திட்ட கிளிஃபர்ட் பியர்ஸ் மனநோய் விடுதிகளில் அடியும் உதையும் பட்டு மீண்டவர். அந்த விடுதிகளில் நோயாளிகளைக் கட்டிவைத்த சங்கிலிகளையும் விலங்குகளையும் நாடெங்கிலுமிருந்து திரட்டி, 1953இல் பால்டிமோரில் உருக்கி, 300 பவுண்டு எடையில் ஒரு மணி வார்த்தார்கள். மனநோயாளிகளுக்கு நம்பிக்கையை ஒலிக்கட்டும் என்று அதன் மேல் பொறித்தார்கள். நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே இன்னொன்று நடந்தது. கவர்னராக இருந்த ரிச்சர்ட் கோடியின் மனைவி மேரி ஜோ கோடி, தனக்கு இதே நோய் வந்ததை ஊரறியச் சொன்னார். பிரசவித்த ஒவ்வொரு பெண்ணையும் இதற்காகப் பரிசோதிக்க வேண்டும் என்று 2006இல் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் நியூ ஜெர்சி.

ஒரு பெண் வெட்கப்படாமல் வாயைத் திறந்ததால் வந்தது இது. உங்கள் மகளும் ஒரு கூட்டத்தில் வாயைத் திறந்தாள், அந்த வாரமே டாக்டரிடம் போனாள். அதற்கு இடம் கொடுத்த மாதத்தை நான் வெறும் சடங்கு என்று சொல்லமாட்டேன். ஜூனில் அலுவலகம் மறந்துவிடலாம், வீடு மறக்காமல் இருந்தால் போதும்.

ஜூலையைப் பற்றி இப்போதே பேசுங்கள், கிளம்பும் வாரத்தில் அல்ல. மாப்பிள்ளையை அதில் உட்காரவையுங்கள். அவர் தலையைக் குனிவது அக்கறை இல்லாமல் அல்ல என்று நினைக்கிறேன். அவரும் பயந்துபோயிருக்கலாம், தகப்பன்மார்களுக்கும் இந்தச் சோர்வு வருவதுண்டு. கவுன்சலிங் நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பது, டே-கேர் எப்போது, அவசரத்துக்குக் கதவைத் தட்டக்கூடிய தோழி யார் என்று பெயரோடு எழுதி வையுங்கள். தாய்மார்களுக்கென்றே 1-833-852-6262 என்ற இலவச எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, இந்தச் சேவை 2022 அன்னையர் தினத்தில் தொடங்கியது. போஸ்ட்பார்ட்டம் சப்போர்ட் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு தெற்காசியத் தாய்மார்களுக்கென இணையத்தில் கூடிப் பேசும் குழுவை நடத்துகிறது. உன்னைப் போலவே எனக்கும் என்று சொல்லும் ஒரு குரலை அங்கே அவள் கேட்கலாம். ஊருக்குப் போனபின் தினமும் ஒரே நேரத்தில் வீடியோவில் அழையுங்கள். "சாப்பிட்டியா, பாப்பா என்ன பண்றா"வோடு, "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினே?" என்பதையும் கேளுங்கள். (இந்தியாவில் இதைப் படிக்கும் தாய்மார்கள் 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.)

சின்னவளின் வரன் பேச்சு இதில் வரவே கூடாது. யாரிடம் சொல்வது, சொல்லாமலிருப்பது என்பது மூத்தவளின் உரிமை, அக்காவிடம் விவரம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குள் இதை மறைக்காதீர்கள். சின்ன மகளுக்குச் சொல்லலாமா என்று மூத்தவளைக் கேட்டு, சரி என்றால் சொல்லுங்கள். நேர வித்தியாசத்தில் இரவு இரண்டு மணிக்கும் எடுத்துப் பேசக்கூடிய தங்கை ஒருத்தி இருப்பது எந்த வரனையும்விடப் பெரிது.

கவுன்சலிங்கின் முதல் நாள் முடிந்ததும் எழுதுங்கள். உங்கள் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை ஏதும் இருந்தால் அதை விடாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்