சாவகச்சேரி காணி: சாவியும் தேங்காய் காசும்தான் உங்க கேஸு

மதுரை ஆனையூர் இலங்கை அகதிகள் முகாம்லருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. 1990-ல இலங்கையில, யாழ்ப்பாணம் பக்கத்துச் சாவகச்சேரிய விட்டு வரும்போது அப்பா வீட்டுச் சாவிய பெரியப்பா மகன்கிட்ட குடுத்து எட்டுப் பரப்பு (அங்கத்து நில அளவு) காணியையும் பாத்துக்கச் சொன்னாராம், 2012 வரைக்கும் தேங்காய் வித்த காசு கடுதாசியோட வந்திருக்கு, அப்புறம் நின்னுபோச்சு, 2018-ல போன்ல "இது என் காணி"ன்னுட்டாராம். அப்பாவும் தவறிட்டாரு, இனி அங்க போனா காணி கிடைக்குமான்னு கேக்குறாங்க.

அம்மா, உங்க அப்பா சாவுக்கு அந்த அண்ணன் வரல, பிள்ளைகள விசாரிக்கலங்கற வருத்தம் நியாயம்தான், ஆனா கோர்ட்டுக்கு அது வேணாம். சாவியும் தேங்காய் காசும் போதும். உறுதிக் காணிக்கு, அதாவது பத்திரம் உள்ள தனியார் நிலத்துக்கு, அங்க 1871 சட்டத்துல பத்து வருஷ ஆட்சின்னு ஒண்ணு இருக்கு, பத்து வருஷம் எதிர்ப்பில்லாம தன் சொந்தம்னு ஆண்டவரு உரிமை கேக்கலாம், ஆனா விளைச்சலக் குடுத்து அடுத்தவங்க உரிமைய ஒத்துக்கிட்டவருக்கு அது வராது. பாத்துக்கச் சொல்லி உள்ள வந்தவரு, வெளிப்படையா மறுக்கற வரைக்கும் உங்க ஆளுதான். 2018-ல மறுத்தாருன்னா 2028 வரைக்கும் டைம் இருக்கு. அவரு வக்கீல் 2012-ல காசு நின்னதே மறுப்புன்னு சொல்வாரு, அது எடுபட்டா 2022-லயே கதை முடிஞ்சது. நோட்டீஸ் விட்டா அந்தப் பத்து வருஷக் கணக்கு நின்னுரும்னு நினைக்காதீங்க, கேஸ் போட்டாத்தான் நிக்கும். 2016-ல வந்த சிறப்புச் சட்டம் 1983 மே 1லருந்து 2009 மே 18 வரைக்கும் உள்ள சண்டைக் காலத்த அந்தப் பத்து வருஷக் கணக்குலருந்து கழிக்கத்தான் வந்தது, அதுக்கப்புறம் ஓடுன வருஷத்துக்கு அத நம்பி உக்காராதீங்க.

நான் பயப்படறது பவர் பத்திரத்துக்குத்தான். முகாம் ஆளுங்க பலபேரு இதுலதான் மாட்டிருக்காங்க. "நீங்க அலைய வேணாம், பேசி முடிச்சுத் தர்றேன்"னு ஒருத்தரு வருவாரு, சொந்தக்காரராவே இருப்பாரு, ஜெனரல் பவர்ல கையெழுத்து வாங்கிட்டுப் போயி காணிய மூணாவது ஆளுக்கு வித்துப்புடுவாரு, அப்புறம் நீங்க அந்தப் பெரியப்பா மகன்கூட இல்ல, காசு குடுத்து வாங்குன ஒரு அந்நியர்கூட மல்லுக்கட்டணும், அதுவும் மதுரையிலருந்துக்கிட்டு. பவர் குடுத்தே ஆகணும்னா அங்க உள்ள வக்கீலுக்கு, கேஸ் நடத்த மட்டும், விக்கவோ அடமானம் வைக்கவோ முடியாதுன்னு எழுதி, சென்னையில இலங்கை துணைத் தூதரகத்துல அத்தாட்சி வாங்கிக் குடுங்க. இங்க ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதற உடன்படிக்கையால அங்க காணி கை மாறாது, நொத்தாரிசு (அங்கத்து நோட்டரி) முன்னாடி ரெண்டு சாட்சியோட எழுதுன உறுதிதான் செல்லும். இன்னொண்ணு, காணி பேசி முடியாம எக்ஸிட் பெர்மிட் (இந்தியாவ விட்டுப் போக அனுமதி) வாங்கிட்டுக் கிளம்பிடாதீங்க, முகாம் பதிவும் உதவித்தொகையும் போயி அங்க நிக்க இடமில்லாம நின்னவங்கள எனக்குத் தெரியும்.

பட்டுன்னு சொல்றேன், சமரசம் பண்ணுங்க. முப்பது வருஷத்துக்கு மேல வேலி அடைச்சு காவல் இருந்தது அவருதான், சண்டைக்குள்ள அவரும் அங்கதான் கிடந்தாரு, கோர்ட்டு அதையும் பாக்கும். பாதிய அவருக்கு எழுதிக் குடுத்து மீதிப் பாதிய தெளிவான எல்லையோட உங்க பேருக்கும் கூடப்பிறந்தவங்க பேருக்கும் வாங்கறது பத்து வருஷ வழக்கவிட மேலு. வாரிசு எல்லாரும் கையெழுத்துப் போடணும், வெளிநாட்டுல இருக்கற தம்பியும் சேத்துத்தான்.

பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்தக் காணிக்கு உரிய காணிப் பதிவகத்துல தேடிப் பாக்கச் சொல்லுங்க, பத்து வருஷம் ஆண்டேன்னு அவரே தன் பேருக்கு ஏதும் உறுதி எழுதி வச்சிருக்காரான்னு. அந்தக் கடுதாசிகள காப்பி எடுத்துக்கங்க, ஒரிஜினல யார் கேட்டாலும் குடுக்காதீங்க.