வாத்துக்கூண்டு வாங்கும்முன் வலையைப் பாருங்கள்

கேள்வி: இரண்டு வாத்துக் குஞ்சுகள் வளர்க்கப் போகிறோம். ‘ஆறு வாத்து தாங்கும்’ என்று கடையில் ஒரு ரெடிமேட் கூண்டைக் காட்டுகிறார்கள். அறுகோணக் கண் உள்ள கோழிவலை, ஒற்றைக் கொக்கி. வாங்கலாமா?

பதில்: அப்படியே வாங்காதீர்கள். கோழிவலை உள்ளே இருப்பதை வெளியே விடாது, அவ்வளவுதான். நாய் பல்லால் கவ்வி இழுத்தால் அதன் முறுக்கு பிரிந்துவிடும். எலி கண் வழியாகவே நுழையும். வீட்டு வாத்தால் பெரும்பாலும் பறந்து தப்பவும் முடியாது, வேகமாக ஓடவும் முடியாது. இரவில் அதன் உயிர் அந்த வலையில்தான் இருக்கிறது. அரை அங்குலச் சதுரக் கண் உள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை) கேளுங்கள். அதை ஸ்டேப்ளர் முள்ளால் அடித்தால் பிடுங்கிக்கொண்டு வரும். வாஷர் வைத்துத் திருகாணியால் முடுக்க வேண்டும். கூண்டைச் சுற்றி வெளிப்பக்கம் 30 செ.மீ. அகலத்துக்கு அதே வலையைத் தரையோடு படுக்கவைத்து மண் மூடினால், சுவரோரம் தோண்ட வரும் விலங்கு வலையில் முட்டி நிற்கும். கதவுக்குக் கொக்கி போதாது, தாழ்ப்பாளும் பூட்டும் வேண்டும்.

வேலை முடிந்ததும் வெட்டிய கம்பித் துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கிவிடுங்கள். பளபளப்பாக எது கிடந்தாலும் வாத்து விழுங்கும். வயிற்றுக்குள் கரையும் துத்தநாகப் பூச்சு நஞ்சாகும்.

‘ஆறு’ என்ற கணக்கை விட்டுவிட்டு டேப் வைத்து அளந்து பாருங்கள். படுக்கும் இடமே ஒரு வாத்துக்குக் குறைந்தது 4 முதல் 6 சதுர அடி. உட்காரும் கட்டை, மாடிக் கூடு இவற்றுக்குப் பணம் தர வேண்டாம், வீட்டு வாத்துகள் பெரும்பாலும் தரையில்தான் தூங்கும். கம்பித் தரை இருந்தால் உள்ளங்காலில் புண் வரும். பலகைத் தரையில் வைக்கோல் கனமாகப் போடுங்கள். கூரையோரம் காற்றுத் துளைகள் அவசியம், வாத்து மூச்சிலேயே கூண்டு ஈரமாகிவிடும்.

கேள்வி: கோழிக்குஞ்சுத் தீவனம் கொடுக்கலாமா?

பதில்: வாத்துக்குரிய தீவனம் கிடைக்காவிட்டால் மருந்து கலக்காத ஸ்டார்ட்டர் (கோழிக்குஞ்சுக்கான முதல்கட்ட) தீவனம் கொடுக்கலாம். ஆனால் வாத்துக் குஞ்சுக்கு நியாசின் (வைட்டமின் பி3) கூடுதலாக வேண்டும். குறைந்தால் கால் வளைந்து நடக்க முடியாமல் போகும். ஒரு கப் தீவனத்துக்கு ஒரு மேசைக்கரண்டி ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (நியாசின் உள்ள ஈஸ்ட் தூள்) கலந்தால் சரியாகும். முட்டைக்கோழிக்கான லேயர் தீவனம் குஞ்சுக்கு ஆகவே ஆகாது, அதிலுள்ள கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பக்கத்தில் எப்போதும், மூக்குத் துளை மூழ்கும் ஆழத்துக்குத் தண்ணீர் இருக்கட்டும்.

கேள்வி: ஒன்று மட்டும் வாங்கினால்?

பதில்: வேண்டாம், தனி வாத்து ஏங்கிப்போகும். இரண்டு பெட்டைகள் நல்லது. குஞ்சில் பார்வைக்கு ஆண் பெண் தெரியாது. ஆறேழு வாரத்தில் உரக்கக் கத்துவது பெட்டை, கரகரப்பது ஆண். இரண்டு ஆண்களாக அமைந்தாலும் பெட்டை இல்லாதவரை பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒரு ஆணுக்கு ஒரே பெட்டை என்றால் அவளுக்குத்தான் தொல்லை, பிடரி இறகு உதிர்ந்து புண்ணாகும். அப்படி அமைந்தால் ஒன்றை மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுக்கும்முன் கேட்டு, எழுதி வாங்குங்கள். வேண்டாத வாத்தை ஏரியில் கொண்டுபோய் விடுவது அதைக் கொல்வதற்குச் சமம்.