ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதி வாங்கினால் விவாகரத்து ஆகிவிடுமா?

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன்பு ஊர்ப் பெரியவர்களை வைத்து, 'இனி நமக்குள் சம்பந்தமில்லை, ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்' என்று 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டார் என் கணவர். இப்போது அவருக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். எனக்கு எந்த உரிமையும் இல்லையா?
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்: கவலைப்படாதீர்கள் அம்மா, உங்களுக்கு இன்னும் விவாகரத்தே ஆகவில்லை. சட்டப்படி இன்றும் நீங்கள்தான் அவர் மனைவி. இந்துத் திருமணத்தை முறிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. பத்திரத்தில் எழுதினாலும், நோட்டரி முத்திரை குத்தினாலும் அது விவாகரத்து ஆகாது. சில சமூகங்களில் வழிவழியாக வரும், கோர்ட்டுக்குப் போகாமலே திருமணத்தைத் தீர்த்துவிடும் வழக்கத்தை 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தங்களுக்கு உண்டு என்பதை உங்கள் கணவர்தான் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அது லேசில் நடக்காது.

இந்த மாதிரிப் பத்திரங்கள் என் மேஜைக்கு நிறைய வருகின்றன. ஒரு பெண் ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்தாள். நான்காக மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்துபோன ஜெராக்ஸ். கீழே ஏழு சாட்சிகளின் கையெழுத்து இருந்தது. ஒருவர்கூட அவள் பிறந்த வீட்டு ஆள் இல்லை. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

நீங்கள் இருக்கும்போது அவர் இன்னொரு கல்யாணம் செய்தால் அது செல்லாது. குற்றமும்கூட. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 82ஆவது பிரிவில் ஏழு ஆண்டுவரை சிறை உண்டு. உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பெண் வீட்டார் யாரென்று தெரிந்தால் அவர்களுக்கும் ஒரு நகல் போகட்டும். அந்தப் பெண்ணின் வாழ்க்கையும் இதில் அடங்கியிருக்கிறது.

'ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்தது உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால், 'இருவரும் சம்மதித்துத்தான் பிரிந்திருக்கிறோம்' என்று எதிர்த்தரப்பு வாதாடும். அப்படிப் பிரிந்திருந்தால் ஜீவனாம்சம் மறுக்கப்படலாம். அதனால் யார் யார் இருந்தார்கள், என்ன சொல்லி மிரட்டினார்கள் என்பதை மறக்கும் முன் எழுதிவைத்து, ஜீவனாம்சம் கேட்டுப் போடும் மனுவில் சேர்த்துவிடுங்கள். வக்கீல் ஃபீஸுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

கேள்வி: விவாகரத்து வழக்கு நடக்கிறது. ஆறு வயது மகள் மனைவியோடு திருநெல்வேலியில் இருக்கிறாள். பதினோரு மாதமாகக் கண்ணில் காட்டவில்லை. ஜீவனாம்சத்தை நிறுத்தினால்தான் வழிக்கு வருவார்கள் என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா?
- வாசகர், கோவை

பதில்: கூடாது தம்பி. ஜீவனாம்சம் வேறு, பிள்ளையைப் பார்ப்பது வேறு. பணத்தை நிறுத்தினால் பாக்கி ஏறும், வசூலுக்கு மனு வரும், கடைசியில் சிறை வரைக்கும் போகும். அதோடு நீதிபதி முன் உங்கள் பெயரும் கெடும். பள்ளி வாசலில் நின்று பிள்ளையைத் தூக்கிவரும் எண்ணமிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அவள் மிரண்டுபோவாள்.

வழக்கு நடக்கும் குடும்ப நல நீதிமன்றத்திலேயே, இந்து திருமணச் சட்டம் 26ஆவது பிரிவில் இடைக்கால மனு போடுங்கள். தனியாகக் காப்பாளர் சட்டத்தில் போடுவதானால் பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரில், அதாவது திருநெல்வேலியில்தான் போட வேண்டும். ஐந்து வயது வரை பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் என்கிறது சட்டம். ஆறு வயதானதும் தானாக உங்களிடம் வந்துவிடுவாள் என்று அதற்கு அர்த்தமில்லை. எந்த வயதிலும் பிள்ளையின் நலன்தான் முதலில். ஆனால் அப்பாவைப் பார்ப்பதும் அந்த நலனில் சேர்ந்ததுதானே.

'பார்க்க அனுமதி வேண்டும்' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த இடத்தில், வாரம் எத்தனை வீடியோ கால், பரீட்சை லீவில் எத்தனை நாள் என்று குறித்துக் கேளுங்கள். முதலில் கோர்ட் வளாகத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் வேண்டாமென்று சொல்லாதீர்கள்.

உங்களைப் போலவே மாதக்கணக்கில் மகளைப் பார்க்காத ஒருவருக்காக ஆஜரானேன். முதல் சந்திப்புக்கு ஒரு கவுன் வாங்கி வந்தார். தலை வழியாகப் போட்டுப் பார்த்தால் தோளைத் தாண்டவில்லை. அவர் மனதில் இருந்தது பழைய அளவு. கவுனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து வந்து, "பில் இருக்கா? பெரிய சைஸ் மாத்திக்கலாம்" என்றார். இரண்டு வருடமாக அவர்கள் நேரடியாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். விவாகரத்து நடந்தது. பிள்ளை விஷயத்தில் மட்டும் இருவரும் அப்புறம் சண்டை போடவில்லை.

கேள்வி: விவாகரத்துக்கு இருவருக்கும் சம்மதம்தான். ஆறு மாதம் காத்திருந்தே ஆக வேண்டுமா? என் நகைகள் மாமியார் வீட்டில் இருக்கின்றன.
- வாசகி, சேலம்

பதில்: மனு போடும் முன்பே ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு வரும் ஆறு மாதக் காத்திருப்பை, தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றமே தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு வரும் வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

உங்களுக்குப் போட்ட நகை உங்கள் சீதனம். அதில் மாமியாருக்கோ கணவருக்கோ பங்கில்லை. ஆரம், வளையல், தோடு என்று ஒவ்வொன்றையும் பவுன் கணக்கோடு எழுதுங்கள். கல்யாண ஆல்பமும் கடை ரசீதும் கைவசம் இருக்கட்டும். எந்தத் தேதியில் திருப்பித் தருவார்கள் என்பதையும் சேர்த்து எழுதிய பிறகே மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.