ஜனவரியில் வந்த மீட்டர் தகவல் ஜூனில் ஏன் வரவில்லை?

கேள்வி: குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் புகைக்கூடம், குவார்ட்டர்ஸ், பம்ப்செட் என்று 38 ஸ்மார்ட் மீட்டர் மாட்டினேன். எல்லாம் 865 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ மெஷ், அதாவது ஒரு மீட்டரின் தகவலை இன்னொன்று வாங்கிக் கடத்தும் வலை. ஜனவரியில் டெஸ்ட் செய்தபோது ஒன்றுவிடாமல் வந்தது. ஜூன் மழை தொடங்கியதும் 11 மீட்டர் வருவதும் போவதுமாக இருக்கிறது. பவரைக் கூட்டலாமா?

பதில்: ஜனவரியில் டெஸ்ட் செய்தேன் என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. அப்போது ரப்பர் இலை உதிர்ந்து தோட்டமே வெளிச்சமாகக் கிடக்கும். இப்போது இலை அடைத்து, அதுவும் நனைந்து நிற்கிறது. ஈர இலை இந்த அலையை நன்றாகவே குடித்துவிடும். நானும் ஒருமுறை ஜனவரியில் டெஸ்ட் செய்து ஏமாந்தவன்தான்.

பவரை இரட்டிப்பாக்கினாலும் கிடைப்பது வெறும் 3 டெசிபல், அது பெரிதாக உதவாது. லைசென்ஸ் இல்லாத இந்த அலைவரிசையில் டிரான்ஸ்மிட்டருக்கு 1 வாட்டுக்கு மேல் போகவும் கூடாது.

முதலில் லாக்கை (தகவல் வந்துபோன பதிவை) எடுத்து, அந்த 11 மீட்டரின் சிக்னல் அளவைப் பாருங்கள். சிக்னல் நன்றாக இருந்தும் தகவல் தொலைந்தால் மோதல்தான் காரணம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை 38 மீட்டரும் ஒரே நொடியில் வாய் திறந்தால் யார் பேசுவது யாருக்குக் கேட்கும்? ஒவ்வொன்றுக்கும் சில நொடி தள்ளி நேரம் கொடுங்கள், நாலு ரீடிங்கைச் சேர்த்து மணிக்கு ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். விட்டுப்போனதை மீட்டரின் நினைவகத்திலிருந்து கேட்வே (எல்லா மீட்டர் தகவலையும் திரட்டும் பெட்டி) பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

சிக்னலே குறைவு என்றால் மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். இரும்புப் பெட்டிக்குள் ஆன்டெனாவைச் சுருட்டி வைத்திருப்பார்கள், அது வெளியே வர வேண்டும். கேபிள் கீழ்ப்பக்கமாக இறங்கட்டும், கனெக்டரில் தண்ணீர் புகாதபடி டேப் சுற்றுங்கள். அப்புறம் ரிப்பீட்டர், அதாவது சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி. மரங்களுக்கு நடுவே வைக்காமல் தோட்டப் பாதையின் வளைவுகளில் கம்பம் நட்டு வையுங்கள், பாதை நெடுக மறைப்பு குறைவு. ஆனால் ஒரே சேனலில் ஒவ்வொரு தாவலிலும் (ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்) அதே தகவல் மறுபடி காற்றில் போகிறது என்பதால், மூன்று தாவலுக்குள் கேட்வேயை எட்டுகிற மாதிரி அமையுங்கள்.

மின்கம்பி வழியே அனுப்பலாமே என்று யாராவது சொல்வார்கள். குவார்ட்டர்ஸில் மலிவு எல்இடியும் இன்வெர்ட்டரும் கிளப்பும் இரைச்சலில் அது தடுமாறும். டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டுவதும் கஷ்டம்.

இவ்வளவுக்கும் அப்புறம் இரண்டு மூன்று அடம் பிடித்தால் அவற்றுக்கு மட்டும் சிம் மோடம் போடுங்கள். அதற்கு முன் நல்ல மழையில் அந்த மீட்டர் பக்கத்தில் நின்று, உங்கள் போனில் டவர் எத்தனை கோடு காட்டுகிறது என்று பார்த்துவிடுங்கள்.